ஹாரியட் டப்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரியட் டப்மனைப் பற்றிப் பரவியிருக்கும் தகவல்களில் உண்மையும் கட்டுக்கதையும் கலந்து கிடக்கின்றன. கதைகள் அவரை ஓர் அதிசயப் பிறவியாக்கிவிட்டன. பதிவேடுகளில் தெரியும் டப்மனோ நிலத்தை அறிந்தவர், நேரத்தைக் கணக்கிட்டவர், யாரை நம்பலாம் என்று எடைபோடத் தெரிந்தவர். அந்தத் திறமையை விளக்குவதுதான் இந்தப் பக்கத்தின் நோக்கம்.

யார் இவர்?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து 1849-இல் தப்பியவர். தப்பியதோடு நிற்கவில்லை. 1850 முதல் 1860 வரை அதே பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போய், தன் குடும்பத்தாரையும் மற்றவர்களையும் விடுதலைக்கு அழைத்து வந்தார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்குச் செவிலியராகவும் சமையல்காரராகவும் உளவாளியாகவும் பணிசெய்தார். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் 1913 மார்ச் 10 அன்று காலமானார்.

பிறந்த ஆண்டு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

அடிமைக் குழந்தைகளின் பிறப்பை யாரும் முறையாகப் பதிவதில்லை. டப்மனுக்கும் தன் வயது உறுதியாகத் தெரியாது. அதனால் 1815, 1820, 1825 என்று பல ஆண்டுகள் புழங்குகின்றன. இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பது 1822 தொடக்கம். அதற்கு இரண்டு ஆதாரங்கள் உண்டு. அவருடைய தாய் ரிட்டுக்குப் பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிக்கு 1822 மார்ச்சில் 2 டாலர் கொடுத்த கணக்கு ஒன்று. 1849-இல் வந்த தேடுதல் விளம்பரம் அவருக்குச் சுமார் 27 வயது என்று சொல்வது இன்னொன்று. இரண்டும் பொருந்துகின்றன.

பிறந்தபோது வைத்த பெயர் அரமின்டா ராஸ், வீட்டில் மின்டி. திருமண காலத்தை ஒட்டி ஹாரியட் என்று மாற்றிக்கொண்டார். அது தாயின் பெயர்.

சிறுவயதில் என்ன வேலை செய்தார்?

இந்தக் கேள்விக்குள்தான் அவருடைய பிற்கால வெற்றியின் பாதி ரகசியம் இருக்கிறது. உரிமையாளர் எட்வர்ட் பிராடெஸிடம் நிலம் குறைவு. வேலைக்குத் தேவையானதைவிட ஆட்கள் அதிகம். அதனால் அவர்களை மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டார், சிலரை விற்றார். மின்டியின் அக்காமார் மூவர் தெற்கே விற்கப்பட்டார்கள். அதன்பின் அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை.

மின்டி சுமார் 6 வயதிலேயே வாடகைக்குப் போனாள். ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலை. குழந்தை அழுதால் இவளுக்குச் சவுக்கடி. இன்னொரு வீட்டில், சதுப்பு நிலத்தில் வாழும் மஸ்க்ராட் என்ற எலியினத்தைப் பிடிக்க வைத்த பொறிகளைக் குளிர்காலத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிப் பார்த்து வரும் வேலை. அம்மை கண்ட உடம்போடும் அனுப்பினார்கள்.

பெரியவளானதும் வயல் வேலை, பிறகு மரம் வெட்டும் வேலை. தந்தை பென் ராஸ் மரவெட்டுக் கூட்டத்துக்கு மேஸ்திரி. அங்கே வெட்டிய மரம் கப்பல் கட்ட பால்டிமோர் போகும். அந்த மரங்களைப் படகில் ஏற்றிச் செல்லும் கறுப்பினப் படகோட்டிகளுக்கு, எந்த ஊரில் யார் நல்லவர், எந்தத் துறையில் காவல் அதிகம், வடக்கே போகும் வழி எது என்பதெல்லாம் அத்துப்படி. எழுத்தறிவே இல்லாத டப்மன் நிலப்படத்தைக் கற்றுக்கொண்டது இவர்களிடம்தான்.

தலைக்காயம் எப்படி ஏற்பட்டது? அவருக்கு என்ன நோய்?

பதின்ம வயதின் தொடக்கத்தில், பக்டவுன் என்ற சிற்றூரின் மளிகைக் கடையில் நடந்தது. வேலையை விட்டு வெளியேறிய ஓர் அடிமை இளைஞனைப் பிடிக்க மேற்பார்வையாளன் துரத்தி வந்தான். தராசில் வைக்கும் 2 பவுண்டு (சுமார் 900 கிராம்) எடைக்கல்லை அவன்மேல் எறிந்தான். அது வாசலில் நின்ற டப்மனின் தலையில் பட்டு மண்டையோட்டை உடைத்தது. மருத்துவம் எதுவும் பார்க்கவில்லை. இரத்தம் வழிய வழிய மறுபடி வயலுக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து வாழ்நாள் முழுவதும் தலைவலி, வலிப்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஆழ்ந்து தூங்கிவிடும் நிலை, கனவுபோன்ற காட்சிகள். இது கால்-கை வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு. அந்தக் காட்சிகளை இறைவன் காட்டும் வழியாகவே டப்மன் நம்பினார். பயணத்தின் நடுவே அவருக்கு அந்தத் தூக்கம் வந்தால், கூட வந்தவர்கள் அவர் விழிக்கும்வரை புதரிலேயே காத்திருக்க வேண்டியதுதான். வழி தெரிந்தவர் அவர் ஒருவரே.

கணவர் சுதந்திர மனிதர் என்கிறார்கள். அப்படியிருக்க இவர் எப்படி அடிமை?

குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பது சட்டம். தாய் அடிமை என்றால் பிள்ளைகளும் அடிமைகள். தந்தையோ கணவனோ யாராக இருந்தாலும் மாற்றமில்லை. 1844-ஐ ஒட்டி டப்மன் மணந்த ஜான் டப்மன் சுதந்திரக் கறுப்பினத்தவர். தந்தை பென் ராஸும் 1840-இல் விடுதலை பெற்றுவிட்டார். 1860 கணக்கெடுப்பில் மேரிலாந்தில் அடிமைகள் 87,189 பேர், சுதந்திரக் கறுப்பினத்தவர் 83,942 பேர். ஒரே குடும்பத்தில் இரு நிலையிலும் ஆட்கள் இருப்பது அங்கே சாதாரணம். கறுப்பினப் பெண் ஒருத்தி சாலையில் தனியாக நடந்தாலே சந்தேகம் என்ற நிலை அங்கு இல்லாமல் போனதற்கும் இந்தக் கலப்புதான் காரணம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. தாய் ரிட் 45 வயதில் விடுதலை பெற வேண்டும் என்று பழைய உயில் ஒன்று சொன்னது. டப்மன் 5 டாலர் கொடுத்து வழக்கறிஞர் ஒருவரிடம் தேடச் சொன்னபோதுதான் அது தெரியவந்தது. உரிமையாளர் குடும்பம் அந்த உயிலைக் கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் 1855-இல் பென் ராஸ் தன் மனைவியை 20 டாலர் கொடுத்து வாங்கினார்.

1849-இல் எப்படித் தப்பினார்?

அந்த ஆண்டு மார்ச்சில் பிராடெஸ் இறந்தார். கடன் இருந்தது, விதவை எலைசா அடிமைகளை விற்பார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. செப்டம்பர் 17 அன்று டப்மனும் தம்பிகள் பென், ஹென்றி இருவரும் கிளம்பினார்கள். தம்பிகள் பயந்து திரும்பியதால் டப்மனும் அவர்களோடு திரும்ப நேர்ந்தது. சில நாட்களில் தனியாகவே மறுபடி புறப்பட்டார். அந்த முதல் முயற்சிக்காக எலைசா கொடுத்த விளம்பரம் அக்டோபர் 3 தேதியிட்டது: மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் தலைக்கு 100 டாலர், உள்ளே பிடித்தால் 50. அதில் மின்டி சுமார் 5 அடி உயரம், நல்ல தோற்றம் என்று எழுதியிருக்கிறது.

எந்த வழியாகப் போனார்?

அவருடைய முதல் பயணத்தின் தடம் முழுமையாகப் பதிவாகவில்லை. பிற்காலப் பயணங்களின் பொதுவான வழி தெரியும். சோப்டாங்க் ஆறு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடி வருகிறது. அதன் கரையை ஒட்டி நீரோட்டத்துக்கு எதிராக நடந்தால் டெலவேர் எல்லை வந்துவிடும். அங்கிருந்து சாண்ட்டவுன், கேம்டன், டோவர், பிளாக்பேர்ட் வழியாக வில்மிங்டன்; அதைத் தாண்டினால் பென்சில்வேனியா. ஃபிலடெல்ஃபியா வரை சுமார் 90 மைல், அதாவது 145 கி.மீ. டெலவேரும் அடிமை மாநிலமே என்பதால் எல்லையைக் கடந்த பிறகும் ஆபத்து தீராது. வில்மிங்டனுக்குள் நுழைய ஆற்றுப்பாலத்தைக் கடக்க வேண்டும். ஆட்கள் பிடிபடும் இடமும் அதுவே.

ஃபிலடெல்ஃபியாவே போதுமே, ஏன் கனடா வரை?

1850 செப்டம்பரில் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம்தான் காரணம். அதன்படி வட மாநிலங்களிலும் தப்பியவரைப் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, தன் தரப்பைச் சொல்லவும் முடியாது. 'இவர் அடிமைதான்' என்று தீர்ப்பளித்தால் ஆணையருக்கு 10 டாலர் கட்டணம்; விடுவித்தால் 5 டாலர். உதவி செய்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கனடாவிலோ 1834-லேயே அடிமைமுறை ஒழிந்திருந்தது. ஆகவே டப்மன் தன் ஆட்களை நயாகராவைத் தாண்டி செயின்ட் கேதரின்ஸ் ஊருக்குக் கொண்டு சேர்த்தார்.

அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு என்பது உண்மையான ரயிலா?

இல்லை. தப்பியோரை வீட்டுக்கு வீடு கைமாற்றி அனுப்பிய ரகசியத் தொடர்புக்கு அந்தப் பெயர். ஒளித்துவைக்கும் வீடு 'ஸ்டேஷன்', வழிகாட்டி 'கண்டக்டர்'. வெள்ளையரான குவேக்கர் சமயத்தார் பலர் துணிந்து உதவினார்கள். சுதந்திரக் கறுப்பினக் குடும்பங்களின் பங்கு அதைவிடப் பெரியது; பிடிபட்டால் அவர்கள் இழக்கவேண்டியதும் அதிகம்.

ஒரு பயணம் நடைமுறையில் எப்படி நடந்தது?

முதலில் பணம். ஃபிலடெல்ஃபியாவிலும் நியூ ஜெர்ஸியின் கேப் மே கடற்கரை விடுதிகளிலும் சமையல், வீட்டு வேலை செய்து டப்மன் சேர்த்தார். பிற்காலத்தில் ஆதரவாளர்களிடமும் திரட்டினார். உணவு, படகுக்கூலி, வண்டி, கையூட்டு என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ரொக்கம் தேவைப்பட்டது.

காலம் பெரும்பாலும் இலையுதிர்காலமும் குளிர்காலமும். இரவு நீளம், வெளியே நடமாட்டம் குறைவு. கிளம்பும் நாளாக அவர் விரும்பியது சனிக்கிழமை இரவு. ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் ஆள் காணாமல் போனது திங்கள் காலைதான் தெரியவரும்; விளம்பரம் அச்சாக அதற்கும் மேல் ஆகும். அந்த ஒன்றரை நாள் முன்னிலைதான் பலரைக் காப்பாற்றியது.

பண்ணைக்குள் அவர் போய் ஆட்களைக் கூட்டி வருவதில்லை. நம்பிக்கையான ஒருவர் மூலம் சொல்லியனுப்பி, பல மைல் தள்ளி ஓரிடத்தில் சந்திப்பார். வரவேண்டியவர்கள் பிடிபட்டாலும் வழிகாட்டி சிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

பகலில் காடு, சதுப்பு, வைக்கோல் கொட்டகை, இரவில் நடை. வானம் தெளிவாக இருந்தால் துருவ நட்சத்திரம், இல்லாவிட்டால் ஆற்றின் ஓட்டம். உணவு தேடவோ வழி விசாரிக்கவோ அவர் தனியாகப் போகும்போது மற்றவர்கள் ஒளிந்திருப்பார்கள். திரும்பி வரும்போது ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு கடந்து போவார். முதல் தடவை பாடும்போது யாரும் அசையக் கூடாது. சுற்றிலும் ஆள் இல்லை என்று உறுதிசெய்து இரண்டாம் முறை அதையே பாடினால் வெளியே வரலாம். மோசேயைப் பற்றிய வேறொரு பாட்டு காதில் விழுந்தால் ஆபத்து என்று பொருள்.

வில்மிங்டனில் தாமஸ் காரெட் என்ற குவேக்கர் இரும்பு வணிகர் காலணி, பணம், வண்டி கொடுத்து அனுப்புவார். 1856 நவம்பரில் ஜோ பெய்லி என்பவரோடு ஒரு குழு வந்தது; ஜோவின் தலைக்கு மட்டும் 1,500 டாலர் பரிசு. பாலத்தில் காவல் போட்டிருந்தார்கள். காரெட் கொத்தனார்களை வண்டியோடு அனுப்பினார். பகலில் பாடிக்கொண்டே பாலத்தைத் தாண்டிப் போன அவர்கள், இரவில் அதே ஆரவாரத்தோடு திரும்பினார்கள். வண்டியின் அடியில் தப்பியோர் படுத்திருந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் அடிமைமுறை எதிர்ப்புச் சங்க அலுவலகத்தில் பணிசெய்த வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பினத்தவர் வந்தவர்களின் பெயர், வயது, உறவினர் விவரம் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். சிதறிய குடும்பங்கள் பின்னாளில் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கட்டும் என்பதே அவர் எண்ணம். டப்மனின் பயணங்களை நாம் இன்று சரிபார்க்க முடிவது இந்தப் பதிவேட்டால்தான்.

1854 கிறிஸ்துமஸ் பயணம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அவருடைய முறை முழுவதும் அந்த ஒரு பயணத்தில் தெரிவதால். சகோதரர்கள் ராபர்ட், பென், ஹென்றி மூவரையும் பண்டிகைக்கு மறுநாள் விற்கப்போவதாகத் தகவல் வந்தது. எழுத்தறிவுள்ள சுதந்திரக் கறுப்பினத்தவரான ஜேக்கப் ஜாக்சனுக்கு டப்மன் ஒரு கடிதம் எழுதுவித்தார். 'சீயோனின் பழைய கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்கும்படி என் சகோதரர்களிடம் சொல்லுங்கள்' என்ற வரி அதில் இருந்தது. கடிதத்தைப் பிரித்துப் படித்த வெள்ளையர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனக்கும் புரியவில்லை என்று கையை விரித்த ஜாக்சன், நேராகப் போய்ச் சகோதரர்களிடம் செய்தியைச் சொன்னார்.

பெற்றோர் வீட்டருகே தீவனக் கொட்டகையில் எல்லோரும் ஒளிந்தார்கள். தாயிடம் சொல்லவில்லை, பாசத்தில் சத்தம் போட்டுவிடுவார் என்ற பயம். பிள்ளைகள் விருந்துக்கு வருவார்கள் என்று அவர் வாசலைப் பார்த்துக் காத்திருந்ததை, பலகை இடுக்கு வழியாக அவர்கள் பார்த்தார்கள். தந்தை உணவு கொண்டுவந்து கொடுத்தார். கிளம்பும்போது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு சிறிது தூரம் உடன் நடந்து வழியனுப்பினார். நாளை அதிகாரிகள் கேட்டால் 'பிள்ளைகளை நான் பார்க்கவில்லை' என்று பொய் கலக்காமல் சொல்ல வேண்டும் அவருக்கு.

ராபர்ட்டின் மனைவிக்கு அன்று பிரசவ வலி. அவளை விட்டுவிட்டு அவர் வந்தார். டிசம்பர் 29 அன்று காரெட் எழுதிய கடிதம், டப்மனுக்கும் ஒரு ஆணுக்கும் நடந்து நடந்து காலணி தேய்ந்தே போய்விட்டதால் 2 டாலர் கொடுத்ததாகச் சொல்கிறது.

அவர் தோற்ற இடங்கள் உண்டா?

உண்டு. 1851-இல் கணவரை அழைத்துவரத் துணி வாங்கிக்கொண்டு போனார். ஜான் வேறு பெண்ணோடு வாழ்ந்தார், வர மறுத்தார். டப்மன் அந்தப் பயணத்தை வீணாக்காமல், வரத் தயாராக இருந்தவர்களைத் திரட்டி அழைத்துக்கொண்டு வடக்கே போனார்.

தங்கை ரேச்சலை மீட்கப் பல ஆண்டுகள் முயன்றார். பிள்ளைகள் வேறு பண்ணையில் இருந்ததால், அவர்களை விட்டு ரேச்சல் வரவில்லை. 1860 இறுதியில் டப்மன் போனபோது ரேச்சல் இறந்திருந்தார். பிள்ளைகளை வெளியே கொண்டுவரத் தேவைப்பட்ட 30 டாலர் கையில் இல்லை. அந்தப் பயணத்தில் அவர் அழைத்து வந்தது என்னல்ஸ் குடும்பத்தை. அதுவே கடைசிப் பயணம்.

கைக்குழந்தைகள் பெரிய சிக்கல். அழுதால் எல்லோரும் பிடிபடுவார்கள். அபின் கலந்த பாரகோரிக் மருந்தைக் கொடுத்துத் தூங்கவைப்பார்கள். அளவு குறைந்தால் நடுவழியில் விழித்துவிடும். கூடினால் மூச்சே நின்றுவிடும்.

துப்பாக்கி வைத்திருந்ததும் உண்மை. பாதி வழியில் மனம் மாறித் திரும்புகிறவர் சவுக்கடி தாங்காமல் எல்லா வீடுகளையும் காட்டிக்கொடுத்துவிடுவார். 'நட, இல்லாவிட்டால் இங்கேயே சாவு' என்று அவர் மிரட்டியதற்கு அதுவே காரணம்.

300 பேரை மீட்டார், அவர் தலைக்கு 40,000 டாலர் விலை என்பது?

இரண்டும் தவறு. 19 பயணம், 300 பேர் என்ற கணக்கு, 1868-இல் வந்த வாழ்க்கை வரலாற்றில் சாரா பிராட்ஃபோர்ட் எழுதியது. டப்மனே அந்தக் காலத்தில் கூட்டங்களில் சொன்னதும், ஸ்டில்லின் பதிவேடும், மற்ற கடிதங்களும் சேர்ந்து காட்டுவது சுமார் 13 பயணம், சுமார் 70 பேர். இதற்கு மேல் 50 முதல் 70 பேர் வரை அவர் சொல்லிக்கொடுத்த வழியில் தாங்களாகவே தப்பினார்கள். 40,000 டாலர் என்பது போருக்குப் பிறகு, அவருக்கு உதவித்தொகை கேட்டு வாதாடிய ஓர் ஆதரவாளர் எழுதியது. நமக்குக் கிடைக்கும் அறிவிப்பு அந்த 1849 விளம்பரம் மட்டுமே. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய 70 பேர், ஊதிப் பெருக்கிய 300-ஐவிட நமக்கு முக்கியம்.

'தாங்கள் அடிமைகள் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்' என்று சொன்னாரா?

சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அடிமைப்பட்டவர்களுக்குத் தங்கள் நிலை தெரியாது என்பது அவர்களை இழிவுபடுத்தும் கூற்று. தன் மக்களை டப்மன் அப்படி ஒருபோதும் பேசியதில்லை. இதைப் பகிராதீர்கள். போர்வைத் தையலில் ரகசியக் குறியீடு இருந்தது என்ற கதைக்கும் அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது.

கம்பாஹி ஆற்றுத் தாக்குதலில் அவர் என்ன செய்தார்?

உள்நாட்டுப் போரின் நடுவே, 1862-இல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட் பகுதிக்குப் போனார். வயிற்றுக்கடுப்பால் செத்துக்கொண்டிருந்த வீரர்களுக்கு வேர், மூலிகைக் கஷாயம் கொடுத்தார். உள்ளூர்ப் படகோட்டிகளைக் கொண்டு ஓர் உளவுக் குழுவும் அமைத்தார். ஆற்றில் கண்ணிவெடிகள் எங்கே போட்டிருக்கிறார்கள் என்ற தகவல் அவர்கள் வழியாகக் கிடைத்தது.

1863 ஜூன் 1 இரவு, கர்னல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி தலைமையில் சுமார் 300 கறுப்பின வீரர்களோடு மூன்று படகுகள் கிளம்பின. ஒன்று வழியில் தரைதட்டியது. மற்ற இரண்டும் ஆற்றில் ஏறி நெல் பண்ணைகளைக் கொளுத்தின. நீராவிச் சங்கு ஊதியதும் வயல்களிலிருந்து மக்கள் ஓடி வந்தார்கள். அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய, ஆவி பறக்கும் சோற்றுப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்ததை டப்மன் பின்னர் விவரித்தார். நோயுற்ற ஒரு தாயின் இரண்டு பன்றிகளைத் தூக்கிக்கொண்டு இவர் ஓடும்போது நீண்ட பாவாடை காலில் சிக்கிக் கிழிந்தது. அதனால் அடுத்த பயணத்துக்குக் கால்சட்டை போன்ற உடை வேண்டும் என்று கேட்டுக் கடிதம் எழுதுவித்தார். அன்று விடுதலையானவர்கள் 700-க்கும் மேல்.

அரசு அவருக்கு ஓய்வூதியம் கொடுத்ததா?

போரில் மூன்று ஆண்டு வேலைக்கு அவர் பெற்றது மொத்தம் 200 டாலர். மற்றபடி இரவில் 'பை' என்ற மாவுப் பண்டமும் இஞ்சி ரொட்டியும் சுட்டு விற்றுப் பிழைத்தார். 1890-களில் 1,800 டாலர் பாக்கி கேட்டு மனுப் போட்டார். முதலில் கிடைத்தது, 1888-இல் இறந்த இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ் போர் வீரர் என்பதால் விதவைக்கு உரிய மாதம் 8 டாலர். 1899-இல் செவிலியர் பணிக்காக மேலும் 12 சேர்த்து 20 ஆக்கினார்கள். உளவுப் பணிக்கென்று ஒரு காசும் இல்லை. இது அப்பட்டமான அநீதி. 2024 நவம்பர் 11 அன்று மேரிலாந்து மாநிலம் அவருக்கு மறைவுக்குப் பின் பிரிகேடியர் ஜெனரல் பதவி வழங்கியது.

கடைசிக் காலம் எப்படி?

1859-இல் நியூயார்க் செனட்டர் வில்லியம் சீவர்ட் ஆபர்னில் 7 ஏக்கர் இடத்தை 1,200 டாலருக்கு அவருக்கு விற்றார். அந்த வீட்டில் பெற்றோர், உறவினர், ஆதரவற்றோர் என்று எப்போதும் ஆட்கள். கையில் காசு தங்கியதே இல்லை. பெண்கள் வாக்குரிமைக் கூட்டங்களில் பேசினார். 1896-இல் பக்கத்து 25 ஏக்கரை ஏலத்தில் எடுத்து, முதியோர் இல்லம் கட்ட ஒரு கறுப்பினத் திருச்சபையிடம் ஒப்படைத்தார். 1908-இல் திறந்த அந்த இல்லத்தில் கடைசியில் அவரும் தங்கினார்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

மேரிலாந்தில் சர்ச் கிரீக் அருகே தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையம் 2017-இல் திறந்தது. வாஷிங்டனிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். சொந்த வண்டி இல்லாமல் சுற்றுவது கடினம். அங்கிருந்து 125 மைல் நீளமுள்ள டப்மன் சாலைத் தடத்தில் பக்டவுன் கடை, கேம்பிரிட்ஜ் நீதிமன்றம் எல்லாம் வரும். பிராடெஸ் பண்ணை தனியார் நிலம். சாலையோரப் பலகையோடு நின்றுவிடுங்கள். கோடையில் கொசு பிடுங்கும் சதுப்பு அது. நிலத்தை அவர் கடந்தபடி உணர விரும்பினால் நவம்பர், டிசம்பரில் போங்கள். நியூயார்க்கின் ஆபர்னில் வீடும் முதியோர் இல்லமும் ஃபோர்ட் ஹில் கல்லறையும், கனடாவின் செயின்ட் கேதரின்ஸில் அவர் வழிபட்ட சேலம் ஆலயமும் இருக்கின்றன.